ஏழாவது மாதத்துச் சிவப்பு அட்டை

எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரேஷன் கடை மனுவும் கம்பெனித் தாளும்தான். கோர்வையாக எனக்கு வராது. மறதியும் சேர்ந்துவிட்டது. அடுப்பில் பால் வைத்தால் பொங்கி வழிந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. இப்போது எழுதப்போகிற விஷயத்திலும் ஓர் இடம் மறந்துபோயிருக்கிறது. எந்த இடம் என்று அங்கே வரும்போது சொல்கிறேன்.

வேலைக்குப் போன பெண்கள் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள் என்று ஒரு புத்தகத்துக்காகக் கேட்டார்கள். நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் வாய் திறக்கிற வழக்கம் எனக்கு இல்லை. எழுதுவது பரவாயில்லை, எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

என் வீட்டுக்காரர் மில்லில் இருந்தவர். மில் நின்றுபோனதும் அவர் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். நான் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குப் போனேன். பாட்டில்களுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனி. மூலக்குளத்தில் காலை ஏழு மணிக்கு வேன் ஏறினால், கோரிமேட்டில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு எட்டுக்குள் கொண்டுபோய் விடும். இயந்திரம் மூடிகளைக் கொட்டும். நாங்கள் மேசையில் பரப்பி, டியூப் லைட் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பிசிறு இருந்தாலும் கோணலாக இருந்தாலும் எடுத்துச் சிவப்புத் தட்டில் போட வேண்டும். நல்லது பைக்குள் போகும். இதுதான் வேலை. பதினோரு வருஷம் இதைத்தான் பார்த்தேன். இன்றைக்கும் கடையில் சோடா பாட்டிலை எடுத்தால் கை முதலில் மூடியைத்தான் தடவும்.

எங்கள் மேசைக்கு லைன் என்று பெயர். என்னைச் சேர்க்காமல் எட்டுப் பேர். அதில் ஒருத்தி என் மருமகள், நான் சேர்த்துவிட்டதுதான். இன்னொருத்தியை இங்கே பக்கத்து ஸ்டூல்காரி என்றே எழுதுகிறேன், பெயர் வேண்டாம். நான் லீடர் ஆவதற்கு முன்னால் ஒன்பது வருஷம் அவள் ஸ்டூலும் என் ஸ்டூலும் ஒட்டித்தான் கிடந்தன. கடலோரத்து வீடு அவளுடையது. அவள் அம்மா மீன் கூடை சுமந்தவர், அப்புறம் சர்க்கரை வியாதியில் படுத்துவிட்டார். இவளுக்குப் புருஷன் இருந்தும் இல்லை, வேறு இடத்தில் குடும்பம் வைத்துக்கொண்டான். இவள் வேலையில் இருந்தால்தான் இ.எஸ்.ஐ. கார்டு. கார்டு இருந்தால்தான் அம்மாவுக்கு ஊசி மருந்து. அதை அவள் அழுது சொன்னதில்லை. "எங்கம்மாவுக்கு நான் புள்ள இல்லக்கா, கார்டுதான் புள்ள" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

பழைய மேனேஜர் போய்ப் புதியவர் வந்தார். என் மகன் வயதுதான் இருக்கும். கெட்டவர் இல்லை. இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் அவரைத் திட்டக் கூடாது. முதல் நாளே எங்கள் சாப்பாட்டு அறைக்கு வந்து, மின்விசிறி ஓடாததைப் பார்த்து மறுநாளே புதிது மாட்டினார். எங்களை "வாம்மா போம்மா" என்று பேசாமல் "வாங்கம்மா" என்று கூப்பிட்டார். அந்தக் கம்பெனியில் அதுவரைக்கும் எங்களை அப்படிக் கூப்பிட்டவர் இல்லை.

அவர்தான் லைனுக்கு ஒரு லீடர் என்று கொண்டுவந்தார். எங்கள் லைனில் வயதில் மூத்தவள், லீவு போடாதவள் என்று என் தலையில் மஞ்சள் தொப்பியை வைத்துவிட்டார்கள். மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். சொல்வதற்குள் கை தட்டிவிட்டார்கள். அதோடு என் ஸ்டூலை எடுத்துவிட்டார்கள், லீடர் நின்றுகொண்டே பார்க்க வேண்டுமாம்.

லீடர்களுக்கு ஒரு நாள் வகுப்பு நடந்தது. டவுனில் ஒரு ஹோட்டலில், ஏசி அறையில். ஆறு பேர் போனோம். காகிதக் கப்பை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னார்கள். அடுக்கினோம். எது உயரமோ அந்தக் கூட்டத்துக்குச் சாக்லேட். பிறகு வகுப்பு எடுத்தவர் என்னைப் பார்த்து, "லீடர்னா யாரு? நீங்க சொல்லுங்கம்மா" என்றார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரே பலகையில் எழுதினார், தன் ஆட்களுக்காகப் பேசுகிறவர்தான் லீடர் என்று. அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். நோட்டு இன்னும் இருக்கிறது.

மறுநாள் வேனில் கேலி தாங்கவில்லை. கோரிமேட்டில் ஏறும்போதே பக்கத்து ஸ்டூல்காரி ஆரம்பித்தாள்.

"எல்லாம் எழுந்து நில்லுங்கடி, லீடரம்மா ஏசில போய் கப்பு அடுக்கிட்டு வந்துருக்காங்க."

"சும்மா இருடி."

"இன்னாக்கா சும்மா இருக்கறது? வீட்ல எட்டு டம்ளர் கழுவி அடுக்குறேன், எனக்கு எவன் சாக்லேட் குடுத்தான்?"

வேன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பையில் வைத்திருந்த சாக்லேட்டை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் அதைக் கடித்துத் துண்டு துண்டாக்கி எட்டுப் பேருக்கும் கொடுத்தாள்.

அடுத்த மாதம் பலகை வந்தது. நுழைகிற வாசலுக்கு நேரே, வெள்ளைப் பலகை. லைன் வாரியாக எல்லோருடைய போட்டோவும் ஒட்டி, ஒவ்வொரு போட்டோவுக்குக் கீழேயும் காந்தம் வைத்த அட்டை. நன்றாக வேலை செய்தால் பச்சை, சுமாருக்கு மஞ்சள், மோசத்துக்குச் சிவப்பு. மாதக் கடைசியில் லீடர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். சிவப்பு யாருக்கோ அவருக்கு என்ன காரணம் என்றும் எழுத வேண்டும். பலகையைப் போட்டோ எடுத்துக் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். யாரையும் வேலையை விட்டு அனுப்புவதற்காக இல்லை, எல்லோரும் முன்னேறுவதற்காக என்று மேனேஜர் சொன்னார். அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

முதல் மாதம் எட்டுப் பேருக்கும் பச்சை எழுதிக்கொண்டு போனேன். மேனேஜர் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னம்மா, எல்லாம் பச்சை?"

"எல்லாரும் நல்லாத்தான் செய்றாங்க சார்."

"ஒரு மூட்டை மூடியில ஒண்ணுகூட கழியலன்னா நாம என்ன சொல்லுவோம்? சரியா பாக்கலன்னு திருப்பி அனுப்புவோம் இல்ல? அதே மாதிரிதாம்மா. லைனுக்கு ஒண்ணாவது சிவப்பு வரணும்."

அது நாங்கள் வருஷக்கணக்காகச் செய்கிற வேலை. ஒரு மூட்டையில் கழிவே இல்லை என்றால், பார்த்தவள் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். அதனால் எனக்கு எதிர்த்துப் பேச வரவில்லை. மனிதர்களும் மூடியும் ஒன்றா சார் என்று கேட்க வேண்டும் என்பது வேனில் பாதி வழி வந்த பிறகுதான் தோன்றியது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் லைனில் சொன்னேன். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை, என் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பக்கத்து ஸ்டூல்காரிதான் முதலில் பேசினாள்.

"இதுக்கு ஏன்க்கா மூஞ்ச தொங்கப் போடற? எங்க தெருவுல ஆடி மாசம் கூழு ஊத்த முறை வெச்சிக்கறோம். இந்த வாரம் இந்த வூடு, அடுத்த வாரம் அந்த வூடு. அதுமாரி முறை வெச்சிக்கலாம். ஒரு மாசத்துக்கு ஒருத்தி செவப்பு. யாருக்கும் நஷ்டம் இல்ல."

"தப்பு இல்லையாடி?"

"எட்டு பேரும் நல்லா செய்யறோம்னு நீ சொன்ன, அவுரு ஒத்துக்கல. அப்ப தப்பு யாரு மேல?"

கழிவு மூடி எட்டு எடுத்து, உள்பக்கம் பேனாவால் ஒன்று முதல் எட்டு வரை எழுதி, காலி டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். எனக்கு அடுத்து மூத்தவளுக்கு ஒன்று வந்தது. பக்கத்து ஸ்டூல்காரிக்கு இரண்டு. என் மருமகளுக்கு ஏழு. மற்றவர்களுக்கு மற்றது. அன்றைக்கு அது எங்களுக்கு ஒரு விளையாட்டு மாதிரிதான் இருந்தது. நான் நல்ல லீடர் என்றுகூட நினைத்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

முதல் மாதத் தாளைத் திருத்தி, மூத்தவளுக்கு "மெதுவாக வேலை" என்று எழுதினேன். இரண்டாவது மாதம் பக்கத்து ஸ்டூல்காரியின் முறை. என்ன காரணம் எழுதட்டும் என்று கேட்டேன்.

"வாய் அதிகம்னு எழுதுக்கா. அது ஒண்ணுதான் நெசம்."

அப்படியே எழுதினேன். மேனேஜர் படித்துவிட்டுச் சிரித்து, "அதிகம் பேசுகிறார்" என்று மாற்றி எழுதினார்.

மூன்றாவது மாதம்தான் விளையாட்டு போயிற்று. அந்த முறைக்காரியின் புருஷன் குரூப்பில் வந்த போட்டோவை யாருடைய போனிலோ பார்த்திருக்கிறான். கன்னம் வீங்கி வந்தாள். கேட்டால் கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். மேசையில் எல்லோரும் கதவைப் பற்றிப் பேசாமல் அன்று முழுக்க மூடி பார்த்தோம்.

நான்காவது மாதம் ஒரு சின்னப் பெண்ணின் முறை. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் அதே தொழிற்பேட்டையில் வேறு கம்பெனியில் வேலை செய்தார். அந்தப் பெண் காலையிலிருந்து சாப்பிடவில்லை. பக்கத்து ஸ்டூல்காரி டப்பாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவ முறைய எனக்குப் போடுக்கா."

"உனக்கு போட்டாச்சேடி."

"போட்டா இன்னா? என் போட்டோவ பாத்து அடிக்க எனக்கு எவன் இருக்கான்? எங்கம்மாவுக்கு போன் பாக்கத் தெரியாது. சும்மா எழுது. காரணம், பாத்ரூம்ல ரொம்ப நேரம்னு போடு."

அப்படியே போட்டேன். ஐந்தாவது மாதக்காரி தன் முறையைத் தானே எடுத்துக்கொண்டாள். ஆறாவது, புதிதாகச் சேர்ந்தவள். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை, சிவப்பு விழுந்தால் ஆகாது என்ற பயம். அதையும் பக்கத்து ஸ்டூல்காரியே வாங்கிக்கொண்டாள். "தூக்கம்னு எழுதுக்கா, ராவெல்லாம் அம்மா கூப்புட்டா நான் எப்ப தூங்கறது, அதுவும் நெசந்தான்" என்றாள். ஆகப் பலகையில் அவளுக்கு மூன்று தடவை சிவப்பு.

ஏழாவது மாதம் என் மருமகளின் முறை. அவள் அப்போது வயிற்றில் ஆறு மாதம்.

இதுதான் நான் மறந்துபோன இடம். என் மனதில் இரண்டு இருக்கிறது. ஒன்று, பக்கத்து ஸ்டூல்காரியின் குரல். "புள்ளத்தாச்சிய கொண்டுபோய் செவப்புல நிக்க வெக்காதக்கா, எனக்குப் போடு." இது என் காதில் தெளிவாகக் கேட்கிறது. இன்னொன்று, ஒரு காலி ஸ்டூல். அந்த மாதக் கடைசி நாள் அவள் அம்மாவைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள் என்றும், நான் மேசை முனையில் நின்று தாளை எழுதும்போது அவள் ஸ்டூல் காலியாக இருந்தது என்றும் ஞாபகம். இரண்டும் எப்படி ஒரே நாளில் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. முன்னாலேயே ஒரு நாள் அவள் அப்படிச் சொல்லியிருக்கலாம். அல்லது அவள் சொல்லியிருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்து நினைத்து, நானே அவள் குரலில் கேட்டுக்கொண்டேனோ என்னவோ. எப்படியானாலும் எழுதியது என் கைதான். மருமகளுக்குப் பச்சை, அவளுக்குச் சிவப்பு. நாலு.

எட்டாவது மாதம் கழிந்து, மறு சுற்றுக்கு மூடியைக் குலுக்கலாம் என்று இருந்தோம். அதற்குள் மூடி வாங்குகிற பெரிய கம்பெனி ஒன்று வாங்குவதைக் குறைத்துக்கொண்டது. மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு வருஷத்துக்குள் நான்கு சிவப்பு வாங்கியவர்கள் வேலையிலிருந்து நிறுத்தப்படுவார்கள். மூன்று வரைக்கும் எச்சரிக்கை மட்டும். மேனேஜர் இதைக் காலைக் கூட்டத்தில் படித்தார். படிக்கும்போது அவர் குரலும் இறங்கிப்போயிருந்தது. எல்லா லைனையும் சேர்த்தால் நான்கு வாங்கியிருந்தது ஒரே ஒருத்திதான்.

அவள் பெயரைச் சொன்னதும் நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வலது கை விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது விரலோடு நின்றாள். அப்போது மணி அடித்தது, எல்லோரும் மேசைக்கு நகர்ந்தோம். மணி அடித்ததால் நின்றாளா, அவளுடைய எண்ணிக்கையே மூன்றுதானா, எனக்குத் தெரியாது.

அன்று சாப்பாட்டு வேளையில் நான் மேனேஜர் அறைக்குப் போனேன். அந்த அறைக்கு நானாகப் போனது அது ஒரு தடவைதான். கதவுக்கு வெளியே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அவரே பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முறை வைத்ததையெல்லாம் சொன்னேன். மூடியைக் குலுக்கியது, வீங்கிய கன்னம், கல்யாணப் பெண், எல்லாம். முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப எட்டு மாசமா நீங்க குடுத்ததெல்லாம் பொய்யாம்மா?"

"ஆமா சார்."

"உங்க கையெழுத்து இருக்கே."

"ஆமா சார்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இதை நான் மேலே எழுதினா என்ன ஆகும் தெரியுமா? ஒருத்தங்க இல்ல. லைன் மொத்தத்தையும் விசாரிப்பாங்க. உங்க மருமகளும் அதுல இருக்காங்க. நானும் போவேன்."

"என்னை நிறுத்திட்டு அவளை வெச்சுக்கங்க சார்."

"லீடர் பேரு பலகையிலயே இல்லம்மா. உங்களை எந்தக் கணக்குல நிறுத்துறது?"

பிறகு மெதுவாகச் சொன்னார். "எனக்கும் மேல ஒரு பலகை இருக்கும்மா. என் போட்டோவும் அதுல இருக்கு. எனக்கும் ரெண்டு சிவப்பு."

அவளுக்குச் சிவப்பு எழுதிய நான்கு தாளையும் எடுத்து என் முன்னால் வைத்தார். முதல் மூன்றையும் பார்த்தேன். அதிகம் பேசுகிறார். கழிவறையில் அதிக நேரம். தூக்கம். எல்லாம் அவளே சிரித்துக்கொண்டு சொன்னது. நான்காவது தாளில் "கவனக் குறைவு" என்று இருந்தது. என் எழுத்து. அந்த வார்த்தை அவள் வாயில் வராது. அவள் சொல்லியிருந்தால் ஏதாவது கேலியாகச் சொல்லியிருப்பாள், எனக்கு அது ஞாபகம் இருந்திருக்கும்.

அப்போது சொல்லியிருக்கலாம். சார், மற்ற மூன்றும் அவள் கேட்டு வாங்கிக்கொண்டது, இந்த ஒன்று மட்டும் என்னுடையதாக இருக்கலாம், இந்த ஒரு தாளை மட்டும் திருத்துங்கள், என் மருமகள் பெயரைப் போடுங்கள், அவளுக்கு அது ஒன்றுதான் ஆகும், இவளுக்கு மூன்றோடு நிற்கும், யாரும் போக வேண்டியதில்லை என்று. இவ்வளவும் மனதில் வந்தது. இப்போது எழுதுகிற மாதிரியே வரிசையாக வந்தது. ஆனால் ஒரு தாளை மட்டும் ஏன் மாற்றினாய் என்று கேட்பார். மருமகளுக்காக என்று சொல்ல வேண்டும். லைனில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எனக்கு வாய் வரவில்லை. ஹோட்டலில் நின்ற மாதிரியே நின்றேன்.

"சொன்னதை நான் கேக்கலன்னு வெச்சுக்கிறேன். நீங்களும் சொல்லலன்னு வெச்சுக்கங்க" என்றார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

லைனில் மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து போய்ச் சொல்லலாமா என்று பேசினார்கள். கன்னம் வீங்கி வந்தவள்தான் முதலில் எழுந்தாள். பக்கத்து ஸ்டூல்காரி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஒருத்தி போனா எட்டு வூட்டுல ஒரு வூடுதான் பட்டினி. எல்லாம் போய் சொன்னீங்கன்னா எட்டு வூடும். உக்காருடி, மூடியப் பாரு."

கடைசி நாள் அவள் ஏப்ரனை மடித்து மேசையில் வைத்தாள். சாயங்காலம் வேனிலிருந்து கோரிமேட்டில் இறங்கும்போது என் பக்கம் குனிந்து, "கார்டு இன்னும் கொஞ்ச நாளு ஓடுமாம்க்கா, கேட்டுட்டேன். அதுக்குள்ள வேற எதனா பாத்துக்கறேன்" என்றாள். கடைசி வரைக்கும் அவள் அந்த நாலாவது சிவப்பைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் எனக்கு நிச்சயமில்லை.

மறுநாள் காலை கோரிமேட்டில் வேன் பழக்கத்தில் நின்றது. மூன்று பேர் ஏறினார்கள். டிரைவர் நாலாவது ஆளுக்காகக் கொஞ்ச நேரம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, ஞாபகம் வந்து எடுத்தார்.

அந்த மாதமே மேனேஜரிடம் தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். காரணம் கேட்டார், கால் வலி என்றேன். என் ஸ்டூலைத் திரும்பப் போட்டார்கள். பக்கத்தில் இருந்த ஸ்டூலை எடுத்து வேறு லைனுக்குக் கொண்டுபோனார்கள். பலகை அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. அந்த மேனேஜரையும் மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் பலகையைக் கழற்றி, பின்பக்கத்தில் வேன் நேரம் எழுதி மாட்டினார். முன்பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தது, போட்டோ ஒட்டியிருந்த பசையோடு.

அவளை ஒரு முறை பார்த்தேன். நான் வேலையை விட்ட பிறகு, கண் காட்டுவதற்காகக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வெளியூர் பஸ்ஸெல்லாம் நின்று நோயாளிகளை இறக்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் அவள், அம்மாவைத் தோளோடு சாய்த்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் வலது காலில் முழங்கால் வரைக்கும் கட்டு. அவள் என்னைப் பார்த்துவிட்டாள். கையைத் தூக்கி, "யக்கா! லீடரம்மா!" என்று கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை. பழைய குரல்தான்.

நான் காது கேட்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, எதிரே நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது எந்த ஊருக்குப் போகிறது என்றுகூடப் பார்க்கவில்லை. திண்டிவனம் போகிற பஸ். இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தேன். வந்தபோது அவர்கள் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் துணிந்து கடலோரத்தில் அவள் வீட்டைத் தேடிப் போனேன். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா, நிமிராமலே பதில் சொன்னார்.

"அந்த ஆயா செத்து அஞ்சி மாசம் ஆச்சி. பொண்ணு கடலூரு பக்கம் தங்கச்சி வூட்டுக்குப் போயிடுச்சி. நீ யாரு?"

"கூட வேலை செஞ்சவ."

"சாவுக்கு வந்தவங்கள்ல உன்ன நான் பாக்கலியே."

கொண்டுபோன வாழைப்பழத்தை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். ஊசி மருந்து நின்றதால்தான் அந்த அம்மா போனார் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. வயதும் ஆகியிருந்தது. தெரியாததை எழுதக் கூடாது. ஆனால் அந்தக் கட்டுப் போட்ட கால் கண்ணை விட்டுப் போவதில்லை.

மருமகளிடம் ஒரு தடவை கேட்டேன். குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஏழாவது மாசம், அவ என்கிட்ட சொல்லித்தான் உன் முறைய வாங்கிக்கிட்டாளா? நீ கேட்டியா?"

"எனக்கு ஞாபகம் இல்லத்தை. அத எதுக்கு இப்ப கிளர்றீங்க?" என்றாள். சீப்பு கொஞ்சம் நின்று மறுபடி ஓடியது. எனக்காகத்தான் மாற்றினீர்கள் என்று அவள் சொல்லிவிட்டால் அவளும் அதைச் சுமக்க வேண்டுமே. நான் மேலே கேட்கவில்லை.

லீடர் என்றால் என்ன, கம்பெனியை எப்படி நடத்த வேண்டும் என்று படித்தவர்கள் எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒருவரை மோசம் என்று எழுதித்தான் ஆக வேண்டும் என்று தாளை நீட்டினால், நல்லவர்களும்கூட, யார் அதிகம் தாங்குவார்களோ அவர்கள் பெயரைத்தான் எழுதுவார்கள். நான் அப்படித்தான் எழுதினேன்.

இதை அச்சுக்குக் கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். என் ஞாபகத்தை நம்பாதீர்கள். அந்த லைனில் இருந்த எட்டுப் பேரில் நாலைந்து பேர் இன்னும் இந்த ஊர்ப் பக்கம்தான் இருப்பார்கள். கம்பெனியில் அந்த வருஷத்து வருகைப் பதிவேடும் எங்காவது கிடக்கும். ஏழாவது மாதக் கடைசி நாள் அவள் வேலைக்கு வந்திருந்தாளா, அந்த ஸ்டூல் காலியாகத்தான் இருந்ததா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள். வந்திருந்தாள் என்றால், அவள் கேட்டுத்தான் எழுதினேன் என்று நான் இருந்துவிடுவேன். லீவு என்று இருந்தால், நான் மேலே "இதுதான் நான் மறந்துபோன இடம்" என்று எழுதிய வரியை அடித்துவிட்டு, மறக்கவில்லை என்று திருத்திப் போடுங்கள்.